முதலில் துளை, பிறகு நட்சத்திரம்: வீட்டில் கிடப்பதை வைத்துக் கிறிஸ்துமஸ் தொங்கல்கள்

முதன்முறை உப்பு மாவில் தொங்கல் செய்தபோது இருபத்திரண்டு நட்சத்திரம் வெட்டினேன். முனைகள் கூர்மையாக, ஓரம் பிசிறில்லாமல் வந்திருந்தன. பேக்கிங் அவனில் வைத்துக் காயவிட்டு, ஆறவிட்டு, தங்க நிறம் பூசி, மேசையில் வரிசையாக அடுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: ஒன்றில்கூடத் துளை இல்லை. ஆணியைச் சூடாக்கிக் குத்தினேன், நான்கு உடைந்தன. கை ட்ரில்லை எடுத்தேன், இன்னும் ஆறு போயின. மிச்சம் பன்னிரண்டும் அந்த வருடம் மரத்தில் ஏறவே இல்லை. ஜன்னல் விளிம்பில் படுத்தே கிடந்தன.

அதிலிருந்து எதைச் செய்ய உட்கார்ந்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது எப்படித் தொங்கப்போகிறது? மேசையில் கிடக்கும்போது அழகாக இருக்கும் பொருள் வேறு, நூலில் தொங்கும்போது அழகாக இருக்கும் பொருள் வேறு. தொங்குவது சுழலும், அதனால் முதுகும் தெரியும். கனமாக இருந்தால் கிளை நுனி வளைந்துவிடும். துளை நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் நட்சத்திரம் தலை சாய்த்து நிற்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், கைவேலையே பழக்கமில்லாதவர்கூட ஒரு மாலைப் பொழுதில் பத்து உருப்படியான தொங்கல்கள் செய்துவிடலாம்.

சேர்க்க வேண்டியவை

ஒரு காலணிப் பெட்டியை எடுத்து, நவம்பர் தொடக்கத்திலிருந்தே அதில் போட்டு வாருங்கள். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழல், பழைய வாழ்த்து அட்டை, காலண்டர் தாள், பாட்டில் மூடி, உதிர்ந்த பட்டன், மீந்த கம்பளி நூல், பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன், முட்டை அட்டை, சாக்லேட்டின் பளபளத் தாள், உடைந்த பாசிமணி மாலை. இதில் பாதி பயன்படாமலே போகும், பரவாயில்லை. கருவிகள் என்றால் நல்ல கத்தரிக்கோல், மரவேலைக்கான வெள்ளைப் பசை, அக்ரிலிக் வண்ணம், தடித்த ஊசி, அளவுகோல், பென்சில். பளபளப்புத் தூளை நான் வாங்குவதே இல்லை. ஒருமுறை கொட்டினால் ஈஸ்டர் வரை தரையில் மின்னிக்கொண்டிருக்கும்.

வாங்குவதற்கு முன் நிறத்தை முடிவுசெய்யுங்கள். கையில் கிடைத்த வண்ணத்தையெல்லாம் பூசினால் மரம் பொம்மைக்கடை போல ஆகிவிடும். மூன்று நிறம் போதும். வெள்ளை, சிவப்பு, காக்கி அட்டையின் பழுப்பு. அல்லது வெள்ளை, பச்சை, தங்கம். பாட்டில் மூடியும் பட்டனும் அட்டைக் குழலும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு இந்த ஒற்றுமைதான் காரணம். வேலைப்பாட்டில் உள்ள சின்னக் குறைகளையும் அதுவே மறைத்துவிடும்.

உப்பு மாவு: தொடங்க நல்ல இடம்

மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை. இதே விகிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். 7 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் இந்த அளவில் இருபதுக்குமேல் கிடைக்கும். கல் உப்பு வேண்டாம். கரையாமல் சொரசொரப்பாக நிற்கும். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவும் வேண்டாம். சூட்டில் உப்பி வடிவத்தைக் கெடுத்துவிடும்.

மாவையும் உப்பையும் முதலில் உலர்வாகக் கலந்துவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும் பதம் வரவேண்டும். பிறகு பத்து நிமிடம் பிசைய வேண்டும். ஐந்து நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். அங்கே நிறுத்தியவர்களுடையதுதான் காயும்போது மேலே வெடிக்கும். பிசைந்ததை மூடிப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்தால் தேய்க்கும்போது சுருங்கி ஓடாது.

பேக்கிங் தாளின் மேலேயே வைத்துத் தேயுங்கள். வெட்டிய பிறகு தூக்கி மாற்றினால் நட்சத்திரத்தின் கால்கள் நீண்டு கோணலாகும். அதனால் தாளில் தேய்த்து, அதிலேயே வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, தாளோடு தட்டில் ஏற்றிவிட வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதாகத் தேய்த்தால் ஓரம் மேலே சுருண்டுகொள்ளும். தடித்தால் நடுப்பகுதி காயவே காயாது. இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள பென்சில்களை வைத்து அவற்றின்மேல் குழவியை உருட்டினால் கனம் தானாகவே சீராக வரும். பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர் இருக்கும்; கடைசியில் பென்சிலை எடுத்துவிட்டு லேசாக ஒரு தேய்ப்பு போதும்.

அச்சு இல்லையென்றால் டம்ளரின் வாய், மூடி, அட்டையில் வெட்டிய மாதிரி எதுவும் போதும். வெட்டிய கையோடு துளை. ஸ்ட்ராவை எடுத்து, மேல் ஓரத்திலிருந்து குறைந்தது 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, நடுக்கோட்டில் நேராக அழுத்தித் திருகி எடுங்கள். மாவுத் துண்டு ஸ்ட்ராவுக்குள்ளேயே வந்துவிடும். நட்சத்திரத்துக்கு ஒரு முனையின் கூரிலேயே துளை போட ஆசையாக இருக்கும். போடாதீர்கள், அந்த முனைதான் முதலில் ஒடியும். இரண்டு கால்களும் சேரும் அகலமான இடம் வரை இறங்கிப் போடுங்கள்.

இப்போதுதான் வேடிக்கை. மாவு ஈரமாக இருக்கும்போது எதை அழுத்தினாலும் பதியும். நரம்பு எழும்பிய இலையின் பின்பக்கத்தை வைத்து உருட்டுங்கள், பின்னல் துணியை வைத்து உருட்டுங்கள், பட்டனைக் குத்துங்கள். வண்ணமே தேவைப்படாத அளவுக்கு அழகாக வரும். குழந்தையின் கட்டைவிரல் இரண்டைச் சாய்த்துப் பதித்தால் இதய வடிவம் கிடைக்கும்.

அவனை 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து 2 முதல் 3 மணி நேரம், பாதியில் ஒருமுறை புரட்டிப்போட்டு. அவசரப்பட்டு 180க்கு ஏற்றினால் உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகி மேல்தோலைத் தூக்கிவிடும்; பூரி போல உப்பிப் பழுப்பேறும். இது வேகவைக்கும் வேலை இல்லை, காயவைக்கும் வேலை. ஆறிய பிறகு நடுவில் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டைத் தட்டிப் பார்த்தால் ஓடு தட்டும் சத்தம் வர வேண்டும். மந்தமாக ‘தொப்’ என்றால் திரும்ப உள்ளே. அவன் இல்லாதவர்கள் கம்பித் தட்டில் வைத்து மின்விசிறிக்குக் கீழே நான்கைந்து நாள், தினமும் புரட்டிப்போட்டுக் காயவைக்கலாம்.

முழுக்க ஆறிய பிறகே வண்ணம். வாட்டர் கலர் வேண்டாம், அதிலுள்ள தண்ணீரை உப்பு உறிஞ்சி மேற்பரப்பு நெகிழ்ந்துவிடும். அக்ரிலிக்கை மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்து, காய்ந்ததும் வார்னிஷை இரு பக்கமும், ஓரங்களிலும், துளைக்குள்ளும் பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு விடுபவர்கள் நிறையப் பேர். காற்றில் உள்ள ஈரத்தை உப்பு முதுகு வழியாக இழுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் நட்சத்திரம் தொளதொளவென்றாகி, துளை நீண்டு, கீழே விழும்.

வீட்டில் நாய் இருந்தால் இந்தத் தொங்கல்களை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மாவு வாசனைக்கு அது நக்கும், கடிக்கும். இவ்வளவு உப்பு ஒரே தடவை உள்ளே போனால் நாயின் உயிருக்கே ஆபத்து.

வெள்ளை வெளேரென்று வேண்டுமென்றால்

உப்பு மாவு என்ன செய்தாலும் கொஞ்சம் மஞ்சள் பாயும். பீங்கான் போல வெண்மை வேண்டுமானால் சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். சோடா மாவைத்தான் சொல்கிறேன், பேக்கிங் பவுடரை அல்ல. மாற்றிப் போட்டால் நுரைத்துப் போகும். மூன்றையும் பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் போல இருக்கும், பிறகு அடியில் திரளும், பிறகு சட்டென்று மசித்த உருளைக்கிழங்கு போலச் சுருண்டு வரும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் என்று நின்றால் காய்ந்ததும் விரிசல் நிச்சயம். ஈரத் துணியால் மூடி ஆறவிட்டு, பிசைந்து, மேலே சொன்னபடியே தேய்த்து வெட்டித் துளை போடுங்கள்.

இதற்கு அவன் தேவையில்லை. அறைக்குள்ளேயே ஒருநாள், இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஆனால் உப்பு மாவு அளவுக்கு உறுதி கிடையாது. கீழே விழுந்தால் உடையும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கீழ்க் கிளைகளுக்கு இது சரிப்படாது.

காகிதம்: இருபது வட்டத்தில் ஒரு பந்து

1605-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பயணக் குறிப்பில், அங்குள்ளவர்கள் வீட்டுக் கூடத்தில் மரத்தை நிறுத்தி வண்ணக் காகித ரோஜாவும் ஆப்பிளும் கட்டுவதாக இருக்கிறது. கண்ணாடி உருண்டைக்கு முன்பே காகிதம் மரத்தில் ஏறிவிட்டது. எனக்கும் எல்லாத் தொங்கல்களிலும் பிடித்தது காகிதம்தான். கனமே இல்லை, விழுந்தாலும் உடையாது, எந்தப் பக்கம் சுழன்றாலும் முதுகு என்ற ஒன்றே இல்லாதபடி செய்யலாம்.

இருபது வட்டப் பந்தைப் பார்த்தால் பெரிய வித்தை போலத் தெரியும். ஒரே மடிப்பை இருபது தடவை செய்வதுதான் அது. பழைய வாழ்த்து அட்டைகளில், அல்லது கொஞ்சம் தடிமனான பத்திரிகை அட்டையில், 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் இருபது வெட்டுங்கள். பந்து முடிந்ததும் மடிப்புச் சிறகுகளை விட்டுவிட்டு 6.5 சென்டிமீட்டர் அளவு வரும். 5 சென்டிமீட்டர் வட்டம் என்றால் 8 தாண்டும். வட்டங்களில் சின்ன வேறுபாடு இருந்தால் கடைசியில் பந்து மூடாது, அதனால் ஒரே மூடியை வைத்தே எல்லாவற்றையும் வரையுங்கள்.

மாதிரிக்கு ஒரு வட்டத்தைத் தாளில் தனியாக வெட்டி, பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடித்துப் பிரித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். இப்போது வட்டத்தின் ஓரத்தை மையத்தைத் தொடும்படி மடியுங்கள். அந்த மடிப்பின் ஒரு நுனியிலிருந்து தொடங்கி அடுத்த ஓரத்தையும் மையத்துக்குக் கொண்டுவந்து மடியுங்கள். மூன்றாவதையும் அப்படியே. நடுவில் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் உட்கார்ந்திருக்கும். அதை வெட்டி எடுத்து, மற்ற இருபதின் முதுகிலும் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளலாம். மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை வைத்து அழுத்திக் கீறினால் மடிப்பு கத்தி போல விழும்.

மூன்று ஓரங்களையும் படம் இருக்கும் பக்கம் நோக்கி மடியுங்கள். இந்தச் சிறகுகளைத்தான் ஒன்றோடொன்று முதுகுக்கு முதுகு ஒட்டப்போகிறோம்.

1. ஐந்து முக்கோணங்களைச் சிறகோடு சிறகு ஒட்டிச் சேர்த்தால் குடை போல ஒன்று கிடைக்கும். இது பந்தின் தலை.
2. இன்னொரு ஐந்தில் அதேபோல் ஒரு குடை. இது அடி.
3. மிச்சம் பத்தையும் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் மாறி மாறி ஒட்டிப் பட்டையாக்கி, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்குங்கள்.
4. தலைக் குடையின் நடுவில் ஐந்து முனைகள் கூடும் இடத்தில் சிறு இடைவெளி இருக்கும். நூலை மடக்கி, உள்பக்கம் ஒரு பட்டனைக் கட்டி, அந்த இடைவெளி வழியாக வெளியே இழுங்கள். இதை மறந்துவிட்டு மூடினால் பந்து ஜன்னல் விளிம்புக்குத்தான் போகும், என் நட்சத்திரங்களைப் போல.
5. வளையத்தின் மேல் தலையையும், கீழ் அடியையும் ஒட்டி மூடுங்கள்.

ஒவ்வொரு சிறகையும் பசை போட்டுப் பத்து எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும். துணிக் கிளிப் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும், நீங்கள் அடுத்ததைப் பார்க்கலாம். பசை மிதமாக. அதிகமானால் அட்டை நெளியும். ஜெர்மனியின் மொராவியன் சபையார் செய்யும் புகழ்பெற்ற பல முனைக் காகித நட்சத்திரம்கூட 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதாகவே சொல்கிறார்கள். கணக்கு வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது வரும், அஞ்ச வேண்டாம்.

இருபது அதிகம் என்று தோன்றினால் எட்டு வட்டத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, பாதிகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டே போங்கள். கடைசி இரண்டை மூடுவதற்கு முன் நடு முதுகில் நூலை வைத்துவிட்டால் உருண்டை தயார். கால் மணி நேர வேலை.

பனித்துகள் வெட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளை நான்காகவும் எட்டாகவும் மடித்து வெட்டுகிற பழக்கம்தான் எங்கும் இருக்கிறது. இயற்கையில் பனிப்படிகம் ஆறு கை கொண்டது. சதுரத் தாளை மூலைவிட்டத்தில் பாதியாக மடித்து, அந்த முக்கோணத்தின் நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து இடதும் வலதும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மூன்றாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடியுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைச் சீராக்கிவிட்டு வெட்டினால் ஆறு கை வரும். பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும்.

அட்டைக் குழல்

குழலைத் தட்டையாக அழுத்தி, 1 சென்டிமீட்டர் அகலத்தில் வளையங்களாக நறுக்குங்கள். ஒவ்வொன்றும் கண் வடிவத்தில் இருக்கும். ஆறு கண்களை நுனிக்கு நுனி நடுவில் சேர்த்து ஒட்டினால் பனித்துகள். ஐந்து என்றால் பூ. இடுக்குகளில் சின்ன வளையங்களைச் செருகி ஒட்டிக்கொண்டே போனால் பெரிதாகும். வெள்ளை வண்ணத்தை முதலில் குழலின் உள்ளேயும் வெளியேயும் பூசிக் காயவைத்துவிட்டு நறுக்குவது எளிது; நறுக்கிய பிறகு ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தூரிகையை விட்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

நூல் உருண்டை

சின்ன பலூனை 7, 8 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் ஊதிக் கட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மூன்று பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பருத்தி நூலை அதில் நனைத்து, எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். நூல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள்தான் இதன் எலும்பு; அவை போதாவிட்டால் உருண்டை நிற்காது. கொடியில் தொங்கவிட்டு ஒரு முழு நாள், கீழே செய்தித்தாள் விரித்து.

பலூனை உடைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுக்கிறார்கள். ‘டப்’ என்று குத்தினால் பலூன் சுருங்கும் வேகத்தில் நூலையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். பலூனின் கழுத்துப் பக்கம் சிறிய செலோடேப் துண்டை ஒட்டி, அதன் மேல் ஊசியால் ஒரு குத்து. காற்று ‘ஸ்ஸ்’ என்று மெதுவாக இறங்கும். இறங்க இறங்க, ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களைப் பென்சிலின் அடிப்பகுதியால் உள்நோக்கி விலக்கிவிடுங்கள். பலூன் தோலை ஒரு துண்டு விடாமல் எடுத்துக் குப்பையில் போடுங்கள். குழந்தை வாயில் போட்டால் மூச்சை அடைத்துவிடும்.

ஆரஞ்சு வில்லை

விளக்குக்கு முன்னால் தொங்க ஒன்று வேண்டுமானால் இதற்கு இணை இல்லை. ஆரஞ்சை 5 மில்லிமீட்டர் வட்டமாக நறுக்கி, துணியால் இரு பக்கமும் ஒற்றி எடுத்து, கம்பித் தட்டில் பரப்பி, 100 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம். மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். தொட்டால் ஒட்டாமல், வளைத்தால் லேசாக முறுக்காக இருக்கும்போது எடுத்துவிடலாம். சதையும் தோலும் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே ஊசியால் நூல் கோருங்கள். கூடவே ஒரு பட்டைத் துண்டைக் கட்டினால் அறையே மணக்கும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் இது இரண்டு வாரத்தில் இளகி, பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதனால் இதை மட்டும் அடுத்த வருடத்துக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

பட்டன், மூடி, பல்பு

பச்சை நிறப் பட்டன்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மெல்லிய கம்பியை இரண்டாக மடக்கி இரு நுனிகளையும் ஒவ்வொரு பட்டனின் இரண்டு துளை வழியாகவும் இழுத்தால் குட்டி கிறிஸ்துமஸ் மரம். அடியில் மூன்று பழுப்புப் பட்டன், அது தண்டு. பன்னிரண்டு, பதினைந்து பட்டன் போதும். கம்பியின் மடக்கு கீழே இருக்க வேண்டும், இரு நுனியும் மேலே வந்து முறுக்கி வளையமாகும்.

மூன்று பாட்டில் மூடியை வெள்ளையடித்து ரிப்பனில் செங்குத்தாக ஒட்டினால் பனிமனிதன். ரிப்பனே கழுத்துத் துண்டாகவும் மாட்டும் நூலாகவும் ஆகிவிடுவதால் துளையே தேவையில்லை. பழைய வளையலில் கம்பளி நூலை இடைவெளியில்லாமல் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால் மலர்வளையம்.

எரிந்துபோன குண்டு பல்புக்கு வண்ணம் பூசிப் பெங்குவின் ஆக்கலாம். 1840-களில் ஜெர்மனியின் லவுஷா ஊரில் கண்ணாடி ஊதுபவர்கள் மரத்துக்கு உருண்டைகள் ஊதத் தொடங்கினார்கள்; வீட்டில் கண்ணாடித் தொங்கல் செய்ய நமக்கு இருக்கும் குறுக்குவழி இந்தப் பல்புதான். பழைய இழை பல்பும் எல்இடி பல்பும் சரி. சிஎஃப்எல் வேண்டவே வேண்டாம். அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் தொல்லை. கம்பியை உலோகக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டுங்கள். பசையை மட்டும் நம்பிக் கண்ணாடியைத் தொங்கவிடாதீர்கள்.

மாட்டுவது

20 சென்டிமீட்டர் நூலை இரண்டாக மடித்து, மடிப்பைத் துளைக்குள் விட்டு, மறுபுறம் வந்த கண்ணியில் இரு நுனிகளையும் நுழைத்து இழுங்கள். முடிச்சு தொங்கலின் மேலேயே இறுகி உட்காரும், நடுவில் நழுவாது. நுனிகளைச் சேர்த்து இரட்டை முடிச்சு. நைலான் நூல் என்றால் முடிச்சு தானாக அவிழும், ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பேப்பர் கிளிப்பைப் பிரித்து ‘S’ போல வளைத்தால் கொக்கி.

மாட்டுவதற்கு முன் நூலை விரலில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப் பக்கத்தின் முதுகில் சிறு பட்டனை ஒட்டினால் நிமிர்ந்துவிடும். கனமானவை தண்டை ஒட்டிய கிளை அடியில், லேசானவை நுனியில். சிறியவை மேலே, பெரியவை கீழே. முதலில் விளக்குச் சரத்தைச் சுற்றிவிட்டு, அதன்பின் தொங்கல். மாற்றிச் செய்தால் சரத்தைச் சுற்றும்போது பாதி கீழே வந்துவிடும். காகிதமும் காய்ந்த ஆரஞ்சும் இருக்கும் மரத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. சூடாகாத எல்இடி சரம் போதும்.

எடுத்துவைப்பது

முட்டை அட்டையின் குழிகளில் சின்ன உருண்டைகள் நன்றாக உட்காரும். உப்பு மாவு நட்சத்திரங்களைத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். பின்புறத்தில் வருடத்தைப் பென்சிலால் எழுதி வைத்தால் எந்த வார்னிஷ் எத்தனை வருடம் தாங்கியது என்று தெரியும்; என்னிடம் உள்ளதில் இரு பக்கமும் பூசிய ஒரு தொகுதிதான் ஆறாவது டிசம்பரைப் பார்த்திருக்கிறது. கொக்கிகளையும் மீந்த நூலையும் ஒரு உறையில் போட்டு டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.